மெமோ முதல் ஒப்பந்தம் வரை: தொழிற்சங்கம் தன் உறுப்பினருக்கு என்ன செய்கிறது?

மதுரையில் கப்பலூர் தொழிற்பேட்டையிலோ புதூர் சிட்கோவிலோ வேலை பார்க்கும் ஒருவருக்கு ஒருநாள் மெமோ வருகிறது. 'கடந்த வாரம் இரவு ஷிப்டில் மேற்பார்வையாளரின் உத்தரவுக்குக் கீழ்ப்படியவில்லை. இரண்டு நாளில் விளக்கம் தர வேண்டும்' என்று அதில் இருக்கிறது. சிலர் கோபத்தில் அதை வாங்கவே மறுத்துவிட்டு வெளியே வந்துவிடுவார்கள். சிலர் பயத்தில், 'தெரியாமல் நடந்துவிட்டது, மன்னிக்கவும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். இரண்டுமே கேடு. வாங்க மறுத்தால் அது பதிவுத் தபாலில் வீட்டுக்கு வரும், அறிவிப்புப் பலகையிலும் ஒட்டப்படும், மறுத்ததே இன்னொரு குற்றச்சாட்டாகச் சேரும். மன்னிப்புக் கேட்டு எழுதினால் அந்தத் தாள்தான் பின்னால் விசாரணையில் 'தொழிலாளியே ஒப்புக்கொண்டார்' என்று எடுத்து வைக்கப்படும்.

சங்கத்தில் இருப்பவர் அன்று மாலையே மெமோவை எடுத்துக்கொண்டு சங்க அலுவலகத்துக்கு வருவார். "வாங்கிக்கொண்டீர்களா? தேதியும் நேரமும் போட்டுத்தானே கையெழுத்திட்டீர்கள்?" என்பதுதான் செயலாளர் கேட்கும் முதல் கேள்வி.

தொழிற்சங்கம் என்றால் கொடி, ஊர்வலம், வேலைநிறுத்தம் என்றே புதிதாக வேலைக்குச் சேரும் பிள்ளைகள் நினைக்கிறார்கள். செய்தித்தாளில் வருவது அதுதான் என்பதால் அப்படித் தோன்றுவது இயல்பு. ஆனால் வேலைநிறுத்தமே இல்லாமல் பல ஆண்டுகளைக் கடக்கும் சங்கங்கள் ஏராளம். அவற்றின் நாட்கள் மெமோவுக்குப் பதில் எழுதுவதிலும், பி.எஃப். பிடித்தம் கட்டப்பட்டதா என்று பார்ப்பதிலும், தொழிலாளர் அலுவலகத்தில் காத்திருப்பதிலும் போகின்றன. நிர்வாகத்தின் முன் எந்தத் தொழிலாளியும் தனியாளாக நிற்க நேராதபடி பார்த்துக்கொள்வதுதான் சங்கத்தின் முதல் வேலை. சங்க அலுவலகத்தில் மனு எழுதிக் கொடுக்கும் வேலையில் இருக்கும் எனக்கு இதில் துளியும் ஐயமில்லை.

மெமோவுக்கே திரும்புவோம். எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு, யார் கொடுத்த உத்தரவை மீறினார் என்ற விவரம் அதில் இருக்கிறதா என்று செயலாளர் பார்ப்பார். இல்லையென்றால் முதல் பதில், 'குற்றச்சாட்டில் விவரம் இல்லை; விவரமும் ஆவண நகல்களும் தந்தால் விளக்கம் அளிக்கிறேன்; அதற்குக் கால அவகாசம் வேண்டும்' என்ற அளவில் நிற்கும். நடந்ததைத் தொழிலாளி சொல்லச் சொல்ல, தேவையானதை மட்டும் எடுத்து, ஒவ்வொரு குற்றச்சாட்டுக்கும் தனித்தனியாக மறுப்பு எழுதப்படும். கொடுத்த பதிலின் நகலில் அலுவலக முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்வார்கள். இந்த ஒரு முத்திரையால் வேலையைக் காப்பாற்றிக்கொண்டவர்கள் உண்டு.

பதில் ஏற்கப்படாவிட்டால் உள்விசாரணை நடக்கும். நிர்வாகத் தரப்பு சாட்சிகளைக் கொண்டுவரும். அவர்களைக் குறுக்கு விசாரணை செய்யவும் தன் பக்கச் சாட்சிகளை அழைக்கவும் தொழிலாளிக்கு உரிமை இருக்கிறது. ஆனால் தினமும் தனக்கு வேலை ஏவுகிற மேற்பார்வையாளரை எதிரே உட்கார வைத்துக் கேள்வி கேட்க எல்லோருக்கும் நா எழாது. அதனால்தான், நிறுவனத்தின் வேலை விதிகளான நிலையாணைகளில் உள்ளபடி, சக தொழிலாளி ஒருவரோ சங்க நிர்வாகி ஒருவரோ உடன் அமர்ந்து உதவுகிறார். விசாரணைக் குறிப்பை வரி வரியாகப் படித்துப் பார்த்து, சொன்னதும் எழுதியிருப்பதும் ஒன்றுதானா என்று சரிபார்த்த பிறகே பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்திட வைப்பார். விசாரணை முடியும்வரை தற்காலிகப் பணிநீக்கத்தில் வைத்தால் அந்தக் காலத்துக்குப் பிழைப்பூதியம் தரவேண்டும் என்பது சட்டம். முதல் 90 நாள் பாதிச் சம்பளம். அதற்குப் பிறகும் இழுத்தால், தாமதம் தொழிலாளியால் அல்லாதபோது, முக்கால் பங்குக்குக் குறையக் கூடாது. இதைக் கேட்டு வாங்க வேண்டும் என்பதே பலருக்குத் தெரிவதில்லை.

எல்லாவற்றையும் மீறி வேலையை விட்டு நீக்கிவிட்டால் அடுத்த படி தொழிலாளர் துறை. அங்கே சமரச அதிகாரி இரு தரப்பையும் அழைத்து உட்கார வைத்துப் பேசுவார். சமரசப் பேச்சில் வழக்கறிஞர்கள் எந்தத் தரப்புக்காகவும் ஆஜராக முடியாது. சங்க நிர்வாகி ஆஜராகலாம். சட்டம் படித்தவரைப் பணம் கொடுத்து அமர்த்தும் வசதி நிர்வாகத்துக்கு மட்டுமே இருக்கிறது என்பதால் வைக்கப்பட்ட ஏற்பாடு இது. 45 நாளில் சமரசம் ஏற்படாவிட்டால், நீக்கப்பட்டவர் நேரடியாகத் தீர்ப்பாயத்தை நாடலாம். வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனால், முன்பு சென்னைக்கு ரயிலேற வேண்டியிருந்தது. 2004 ஜூலையில் மதுரைக் கிளை திறந்த பிறகு தென்மாவட்டத் தொழிலாளர்களுக்கு அந்த அலைச்சல் குறைந்தது.

சங்கம் ஏன் வேண்டும் என்பதற்குச் சட்டத்துக்குள்ளேயே ஒரு விடை இருக்கிறது. 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறு சட்டப்படி, தனி ஒருவரை வேலையை விட்டு நீக்கியது முதலில் 'தொழில் தகராறு' ஆகவே ஆகாது என்ற நிலை இருந்தது. அவருக்காகச் சங்கமோ கணிசமான சக தொழிலாளர்களோ அதை எடுத்துக்கொண்டால்தான் அது தகராறாகக் கொள்ளப்பட்டது. 1965இல் ஒரு திருத்தம் வந்து, பணிநீக்கத்துக்கு மட்டும் தனிநபர் போராட வழி திறந்தது. ஆனால் இடமாற்றம், பதவி உயர்வு, ஊதிய உயர்வை நிறுத்தி வைத்தல் போன்றவை இன்றும் அப்படித்தான். மதுரையில் இருக்கும் ஒருவரைப் பழிவாங்குவதற்காக ஓசூருக்கு மாற்றினால், அவர் தனியாகத் தகராறு எழுப்ப முடியாது. சங்கம் கையில் எடுக்க வேண்டும்.

சரி, சங்கம் என்பது என்ன? ஒரே இடத்திலோ ஒரே தொழிலிலோ வேலை பார்ப்பவர்கள் சேர்ந்து, விதிகள் எழுதி, சந்தா வைத்து, நிர்வாகிகளைத் தேர்ந்தெடுத்து, தொழிலாளர் துறையில் உள்ள தொழிற்சங்கப் பதிவாளரிடம் பதிவு செய்துகொள்ளும் அமைப்பு. விண்ணப்பிக்க ஏழு பேர் வேண்டும். அந்த நிறுவனத்திலோ தொழிலிலோ உள்ளவர்களில் பத்தில் ஒரு பங்கினரோ நூறு பேரோ, எது குறைவோ அத்தனை பேர் உறுப்பினராக இருக்க வேண்டும். பதிவு பெற்றுவிட்டால் சங்கத்துக்குத் தன் பெயரில் சொத்து வைத்துக்கொள்ளவும் வழக்குத் தொடுக்கவும் முடியும்.

பதிவு எளிதாகக் கிடைத்த பரிசு அல்ல. 1918இல் சென்னையில் பி.பி. வாடியா தலைமையில் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. திரு.வி.க. அதில் முன்னணியில் நின்றார். பக்கிங்ஹாம், கர்நாடிக் ஆலைகளின் தகராறில் ஆலை நிர்வாகம் வாடியா மீதும் பிறர் மீதும் வழக்குப் போட்டு, உயர் நீதிமன்றத்தில் தடை ஆணை பெற்றது. தொழிலாளியை வேலைக்குப் போகாதே என்று சொன்னதற்காகச் சங்கத் தலைவர் நட்டஈடு கட்ட வேண்டும் என்ற நிலை அன்று இருந்தது. அந்த அதிர்ச்சியின் விளைவாகவே 1926இல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. தொழில் தகராறு ஒன்றில் சட்டத்துக்கு உட்பட்டுச் செயல்படும் பதிவு பெற்ற சங்கத்தின் மீது அப்படி வழக்குப் போட முடியாது என்ற பாதுகாப்பு அன்று முதல் இருக்கிறது.

மதுரைக்கும் இதில் பங்கு உண்டு. ரயில் நிலையத்துக்கு அருகே ஹார்வி சகோதரர்களின் மதுரை மில் எழுந்ததும், இந்த ஊரின் ஒரு பகுதி மில் சங்கு ஊதும் நேரத்துக்கு எழுந்து படுக்கும் பகுதியாக மாறியது. ஹார்விபட்டி என்ற ஊர்ப் பெயரே அதன் எச்சம். அந்த மில் தொழிலாளர்களுக்கு முதன்முதலில் சங்கம் கட்ட உதவியவர்களில் ஒருவர் பாரிஸ்டர் ஜார்ஜ் ஜோசப். குற்றப் பரம்பரைச் சட்டத்தை எதிர்த்துப் பிரமலைக் கள்ளர்களுக்காக வழக்காடியதால் 'ரோசாப்பூ துரை' என்று மக்கள் அழைத்த அதே மனிதர். பின்னாளில் மதுரைத் தொழிலாளர்களிடையே உழைத்த பி. ராமமூர்த்தி, 1970இல் சி.ஐ.டி.யு. என்ற தொழிற்சங்கக் கூட்டமைப்பு தொடங்கப்பட்டபோது அதன் முதல் பொதுச் செயலாளர் ஆனார்.

இனி ஊதியப் பேச்சுவார்த்தை. சங்கத்தின் வேலைகளில் எல்லோருடைய பையையும் தொடுவது இதுதான். பழைய ஒப்பந்தம் முடிய சில மாதம் இருக்கும்போதே வாயிற்கூட்டம் போட்டு, தொழிலாளர்களின் கருத்தைக் கேட்டு, கோரிக்கைப் பட்டியல் தயாராகும். அடிப்படைச் சம்பளத்தில் எவ்வளவு, பஞ்சப்படியை எந்த விலைவாசிக் குறியீட்டோடு இணைப்பது, இரவு ஷிப்டுக்கு எவ்வளவு, கேண்டீனில் சாப்பாட்டு விலை என்று பட்டியல் நீளும். நிர்வாகம் பதிலுக்கு உற்பத்தி அளவைக் கூட்டக் கேட்கும். மாதக்கணக்கில் இழுத்து ஒருநாள் ஒரு புள்ளியில் வந்து நிற்கும்.

இங்கே தொடக்க நிலையில் இருப்பவர் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. நிர்வாகமும் சங்கமும் தங்களுக்குள் பேசிக் கையெழுத்திட்டால் அது 1947ஆம் ஆண்டின் பழைய சட்டத்தின் எண்ணில் '18(1) ஒப்பந்தம்'. அது கையெழுத்திட்டவர்களை மட்டுமே கட்டுப்படுத்தும். சமரச அதிகாரியின் முன் கையெழுத்தானால் அது '12(3) ஒப்பந்தம்'. அது அந்த நிறுவனத்தின் எல்லாத் தொழிலாளர்களுக்கும், சங்கத்தில் சேராதவருக்கும், நாளை வேலைக்குச் சேரப்போகிறவருக்கும்கூடப் பொருந்தும். அரசுப் போக்குவரத்துக் கழகப் பணிமனை வாசலில் ஓட்டுநரும் நடத்துநரும் 'இந்த முறை 12(3) எப்போது?' என்று பேசிக்கொள்வதைக் கேட்டிருப்பீர்கள். அவர்கள் கேட்பது இதைத்தான். சந்தா கட்டாதவருக்கும் பலன் போகிறதே என்று உறுப்பினர்கள் சலித்துக்கொள்வது எனக்குப் புரிகிறது. ஆனாலும் அந்த ஏற்பாடு சரியானது. ஒரே இயந்திரத்தில் நிற்கும் இருவருக்கு இரண்டு சம்பளம் என்றால், குறைந்த சம்பளக்காரரை வைத்தே மற்றவரை வெளியே அனுப்பிவிடுவார்கள்.

ஒப்பந்தம் போட்டதோடு வேலை முடிவதில்லை. அது கணக்கில் ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும். பணிக்கொடையை எடுத்துக்கொள்ளுங்கள். 19 ஆண்டு 8 மாதம் வேலை பார்த்து ஓய்வுபெறும் ஒருவரின் கடைசி அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 15,600 ரூபாய் என்று வைப்போம். ஆண்டுக்கு 15 நாள் சம்பளம். ஒருநாள் சம்பளத்துக்கு மாதச் சம்பளத்தை 30ஆல் வகுத்து, சேவையை 19 ஆண்டு என்று எடுத்தால் 1,48,200 ரூபாய் வரும். ஆனால் சட்டப்படி 26ஆல் வகுக்க வேண்டும், ஆறு மாதத்துக்கு மேற்பட்ட சேவையை முழு ஆண்டாகக் கொள்ள வேண்டும். அப்படிப் பார்த்தால் 1,80,000 ரூபாய். வித்தியாசம் 31,800 ரூபாய். இருபது ஆண்டு உழைத்துக் களைத்தவர் காசோலையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போய்விடுவார், வகுத்துப் பார்க்க மாட்டார். வகுத்துப் பார்ப்பவர் ஒருவர் சங்கத்தில் இருக்க வேண்டும்.

480 நாள் சட்டமும் அப்படித்தான். 24 மாதத்தில் 480 நாள் வேலை பார்த்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்று தமிழ்நாட்டில் 1981ஆம் ஆண்டின் சட்டம் இருக்கிறது. அந்த 480 நாளை நிரூபிக்க வருகைப் பதிவு, சம்பளச் சீட்டு, இ.எஸ்.ஐ. அட்டை வேண்டும். அவற்றை முதல் மாதத்திலிருந்தே சேர்த்து வைக்கச் சொல்லும் பழக்கம் நல்ல சங்கங்களில் இருக்கிறது.

நிரந்தர முதலாளி என்று ஒருவர் இல்லாதவர்களுக்குச் சங்கம் எதற்கு என்று கேட்கலாம். கீழமாசி வீதியில் மூட்டை தூக்குபவர், ஜெய்ஹிந்துபுரத்தில் வீட்டிலிருந்தே அப்பளம் போடும் பெண், செல்லூர் நெசவாளி, ஆட்டோ ஓட்டுநர் ஆகியோரே இந்த ஊரில் பெரும்பான்மை. மூட்டைக்கு எவ்வளவு கூலி என்று வியாபாரிகளோடு பேசி முடிப்பதும், அதை ஆண்டுதோறும் உயர்த்தக் கேட்பதும் சுமைதூக்கும் தொழிலாளர் சங்கம்தான். தமிழ்நாட்டில் 1982ஆம் ஆண்டின் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின் கீழ் நலவாரியங்கள் இருக்கின்றன. பிள்ளைகளின் படிப்பு, திருமணம், மகப்பேறு, விபத்து, 60 வயதுக்குப் பின் ஓய்வூதியம் எனப் பல உதவிகள் அவற்றில் உண்டு. ஆனால் பதிவு செய்திருக்க வேண்டும், உரிய நேரத்தில் புதுப்பித்திருக்க வேண்டும். கைரேகை பதியாத, ஆதாரில் பெயர் ஓரெழுத்து மாறிப்போன அம்மாவை இ-சேவை மையத்துக்கு அழைத்துப்போய் முடித்துக் கொடுப்பது சங்கத்துப் பெண்கள்தான். இதை ஏதோ எடுபிடி வேலை என்று சில தலைவர்கள் நினைப்பது எனக்கு வருத்தம் தருகிறது. வீடு வரைக்கும் சங்கம் போய்ச் சேரும் வழி இது.

சட்டத்தையே மாற்ற வைப்பதும் பிரதிநிதித்துவம்தான். மாசி வீதிகளின் ஜவுளிக் கடைகளில் நாள் முழுதும் நின்றுகொண்டே சேலை விரித்துக் காட்டும் பெண்களை எல்லோரும் பார்த்திருக்கிறோம். கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021இல் தமிழ்நாடு சட்டம் இயற்றியது. 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்த மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறியபோது, எல்லாக் கட்சிகளின் சங்கங்களும் சேர்ந்து எதிர்த்தன. மே தினத்தன்று அது திரும்பப் பெறப்படுவதாக முதல்வர் அறிவித்தார்.

மதுரைக்கு வடக்கே திண்டுக்கல்லில் நடந்ததையும் சொல்ல வேண்டும். அங்குள்ள ஆயத்த ஆடை ஆலையில் வேலை பார்த்த தலித் பெண் ஒருவர் 2021 ஜனவரியில் கொல்லப்பட்டார். பெண்கள் தலைமையேற்று நடத்தும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் என்ற சங்கம் ஓராண்டுக்கு மேல் விடாமல் நின்று, 2022இல் ஆலை நிறுவனத்தோடும் அதனிடம் துணி வாங்கும் வெளிநாட்டு நிறுவனத்தோடும் 'திண்டுக்கல் ஒப்பந்தம்' செய்தது. பாலியல் தொல்லையைக் கண்டறிந்து புகார் சொல்ல, பயிற்சி பெற்ற தொழிலாளர்களையே தளத்தில் கண்காணிப்பாளர்களாக அமர்த்தும் ஒப்பந்தம் அது. மேற்பார்வையாளர் தோளில் கை வைத்தால் யாரிடம் சொல்வது என்று தெரியாமல் கழிப்பறையில் அழுத பெண்களுக்கு, பக்கத்து இயந்திரத்தில் இருப்பவளிடமே சொல்லலாம் என்றானது. சம்பள உயர்வுக்குக் குறையாத வெற்றி இது என்று நான் கருதுகிறேன்.

சங்கத்தால் முடியாதவையும் உண்டு. பணத்தைக் கையாடியவரைச் சங்கம் நிரபராதி ஆக்க முடியாது. அவருக்கு முறையான விசாரணை கிடைக்கச் செய்யலாம், தண்டனை குற்றத்துக்கு மிஞ்சாமல் வாதாடலாம். வழக்கு எத்தனை ஆண்டு இழுக்கும் என்று உறுதி தர முடியாது. ஒரே ஆலையில் கட்சிக்கு ஒரு சங்கம் என்று ஐந்தாறு கொடி பறப்பதால் நிர்வாகம் ஒருவரை ஒருவருக்கு எதிராக நிறுத்திக் காரியம் சாதித்துக்கொள்கிறது. அதைவிட என்னை உறுத்துவது, நிரந்தரத் தொழிலாளர்கள் தங்கள் ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டு, அதே கூரைக்கடியில் பாதிச் சம்பளத்துக்கு அதே வேலையைச் செய்யும் ஒப்பந்தத் தொழிலாளியைக் கண்டுகொள்ளாமல் விடுவது. அந்தப் பாதிச் சம்பளம் என்றாவது தங்கள் சம்பளத்தைக் கீழே இழுக்கும் என்பதை அவர்கள் உணர வேண்டும்.

இப்போது சட்டங்களின் எண்களும் மாறியிருக்கின்றன. 29 மத்தியத் தொழிலாளர் சட்டங்களை நான்கு தொகுப்புகளாக்கி, அவை 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வருவதாக மத்திய அரசு அறிவித்தது. அவற்றின்படி, பல சங்கங்கள் உள்ள நிறுவனத்தில் தொழிலாளர்களில் 51 சதவீதம் பேரை உறுப்பினராகக் கொண்ட சங்கமே பேச்சுவார்த்தைக்குரிய சங்கம். எதற்கும் அந்த அளவு இல்லையென்றால், 20 சதவீதம் உள்ள சங்கங்களின் பிரதிநிதிகளைக் கொண்ட குழு பேசும். எந்தத் தொழிலானாலும் வேலைநிறுத்தத்துக்கு 14 நாள் முன்னறிவிப்பு வேண்டும். பாதிப் பேரோ அதற்கு மேற்பட்டோரோ ஒரே நாளில் தற்செயல் விடுப்பு எடுத்தால் அதுவும் வேலைநிறுத்தமாகவே கொள்ளப்படும். பணிநீக்கத்தை எதிர்த்துத் தகராறு எழுப்ப முன்பு மூன்று ஆண்டு அவகாசம் இருந்தது. இனி இரண்டு ஆண்டு. சங்கங்கள் பலவும் இந்தத் தொகுப்புகளை எதிர்க்கின்றன. எதிர்ப்பு ஒருபுறம் நடக்கட்டும். உறுப்பினர்கள் காலக்கெடுவை மனத்தில் வைத்துக்கொண்டு உடனுக்குடன் வர வேண்டும்.

சேரப்போகிறவர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான்: பிரச்சினை வந்த பிறகு சேராதீர்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதிலேயே உறுப்பினர் ஆகுங்கள். நியமனக் கடிதம், சம்பளச் சீட்டு, விடுப்புக் கடிதத்தின் நகல் எல்லாவற்றையும் ஒரு கோப்பில் வையுங்கள். செயலாளரிடம் நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். நீங்கள் மறைத்ததை நிர்வாகத்தின் சாட்சி விசாரணையில் சொல்லும்போது அவரால் உங்களுக்கு உதவ முடியாது. சந்தா கட்டினால் ரசீது கேளுங்கள். சங்கத்தின் கணக்குப் புத்தகத்தையும் உறுப்பினர் பட்டியலையும் பார்வையிட ஒவ்வோர் உறுப்பினருக்கும் சட்டப்படி உரிமை உண்டு. ஆண்டுதோறும் தணிக்கை செய்த கணக்கைச் சங்கம் பதிவாளருக்கு அனுப்பியாக வேண்டும். அடுத்த பொதுக்குழுவில் அந்தக் கணக்கை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள்.